காணொளி மாற்று மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவோருக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

காணொளிக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறவர்களுக்கும், அந்தக் கையேடுகளைத் தமிழில் தர முன்வரும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

காரைக்குடியில் பழைய கேசட்டுகளையும் டிவிடிகளையும் கணினிக் கோப்புகளாக்கித் தரும் சிறு கடை ஒன்றை நடத்திவருகிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி உங்கள் கையேடுகளிலிருந்து வந்தது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். கேசட்டைக் கணினியில் ஏற்றித் தந்தால் போதும், மற்றதை வீட்டில் நாங்களே செய்துகொள்கிறோம் என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். குடும்பத்துப் படங்களை வெளியார் கணினியில் நெடுநாள் விட்டுவைக்கத் தயங்குவது நியாயம் என்பதால், இலவச மென்பொருளையும் அதன் கையேட்டையும் காட்டி நானே அவர்களை அனுப்பிவைக்கிறேன். ஆனால் கையேட்டை மட்டும் துணையாகக் கொண்டு வேலையை முடிக்கிறவர்கள் மிகச் சிலர். முடியாமல் திரும்பி வருகிறவர்கள் படித்தவர்கள், பொறுமையுள்ளவர்கள், கணக்கு வழக்கில் தேர்ந்தவர்கள். குறை அவர்களிடம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கையேட்டின் வரிசைதான் அவர்களைத் தடுக்கிறது. மென்பொருளின் திரையில் எந்தப் பொத்தான் முதலில் இருக்கிறதோ அதை முதலிலும், அடுத்த தாவலில் இருப்பதை அடுத்தும் கையேடு விளக்கிக்கொண்டு போகிறது. படிக்க வருகிறவரோ கையில் ஒரு கோப்பையும், அதை ஓட்டிப் பார்க்கப்போகும் ஒரு கருவியையும் வைத்துக்கொண்டு வருகிறார்; அந்த இரண்டுக்கும் நடுவே என்ன செய்ய வேண்டும் என்பது மட்டுமே அவருடைய கேள்வி. கையேடு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இனி எழுதப்போவதெல்லாம் அதற்கான விளக்கம்.

எங்கள் பக்கத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கண்டனூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பெரிய வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. குடும்பங்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. கல்யாணத்துக்கும், சாந்திக் கல்யாணத்துக்கும், திருவாதிரைப் புதுமை போன்ற வீட்டுச் சடங்குகளுக்கும் ஊருக்கு வந்து கூடுகிறார்கள். கூடிய நாள்களையெல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே பீரோவில் வி.எச்.எஸ். கேசட்டும், மினி-டிவி (Mini DV) என்ற சிறு கேமரா நாடாவும், டிவிடியும், கைப்பேசியில் எடுத்த கோப்புகள் நிறைந்த பென்டிரைவும் ஒன்றாகக் கிடக்கும். 1940-களிலேயே தேவகோட்டைச் சாலையில் ஏவி. மெய்யப்பன் படப்பிடிப்புத் தளம் நடத்திய ஊர் இது. படம் பிடித்து வைப்பதில் இங்கே யாருக்கும் சலிப்பில்லை. பிடித்த படத்தை ஓட்டிப் பார்க்கத்தான் இப்போது வழி சுருங்கிவருகிறது. வி.எச்.எஸ். கருவியைத் தொடர்ந்து தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. காந்த நாடாவின் பூச்சும் காலப்போக்கில் கெடக்கூடியது. ஆகவே இந்த மாற்று வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது.

கையேட்டின் முதல் பக்கத்தில் இப்போது என்ன இருக்கிறது? பெரும்பாலானவற்றில், அந்த மென்பொருள் எத்தனை வடிவங்களைப் படிக்கும், எத்தனை வடிவங்களில் எழுதும் என்ற பட்டியல் இருக்கிறது. பள்ளத்தூரிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் அந்தப் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டு, “இதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நம்ம வீட்டு டிவில ஓடுமா, அதைச் சொல்லுங்க” என்றார். எழுபது பக்கக் கையேட்டில் அந்த ஒரு கேள்விக்கு விடை இல்லை. மென்பொருள் எழுதியவருக்கு அவர் வீட்டுத் தொலைக்காட்சி தெரியாதுதான். ஆனாலும், எச்.264 முறையில் சுருக்கிய படமும் ஏஏசி ஒலியும் அடங்கிய எம்பி4 கோப்பு, கடந்த பத்தாண்டில் வாங்கிய ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சிகளிலும் கைப்பேசிகளிலும் ஓடும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட முடியும். எச்.264 தரம் 2003-இல் வந்தது. அதற்குப் பின் 2013-இல் வந்த எச்.265 கோப்பைச் சிறிதாக்கும், ஆனால் பழைய தொலைக்காட்சிகள் பலவற்றுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்று அடுத்த வரியில் சொல்லலாம். ஐஃபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இந்த எச்.265 முறையிலும் பதிவு செய்கின்றன. கைப்பேசியில் அழகாக ஓடும் பேரன் பிறந்தநாள் படம் கூடத்துத் தொலைக்காட்சியில் ஏன் ஓடவில்லை என்பதற்கு இந்த ஒரு வரியே விடையாகிவிடும்.

அடுத்து வர வேண்டியது, மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வி. மாற்றவே தேவையில்லாத கோப்புகளை மணிக்கணக்கில் மாற்றி, தரத்தையும் குறைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். எம்கேவி, எம்பி4, எம்ஓவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது வெளிக்கூடு மட்டுமே. உள்ளே இருக்கும் படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பது தனிச் செய்தி. எங்கள் ஊர் வாசகருக்கு நான் இதை இப்படித்தான் சொல்வேன்: ஓலைக் கொட்டானிலிருக்கும் மணகோலப் பலகாரத்தை இன்னொரு கொட்டானுக்கு மாற்றுவதற்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. எம்கேவிக்குள் ஏற்கெனவே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்தால், அவற்றைத் தொடாமல் அப்படியே எடுத்து எம்பி4 கூட்டுக்குள் வைத்துவிடலாம். ஒரு மணி நேரப் படத்துக்குக்கூடச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது, தரமும் இம்மியளவும் குறையாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. மீண்டும் சுருக்கினால் கணினியின் வேகத்தைப் பொறுத்து மணிக்கணக்காகும். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் விவரம் தொலைந்துபோகும், தொலைந்தது திரும்பாது. இந்த வேறுபாடு பெரும்பாலான கையேடுகளில் நடுப்பகுதியில் எங்கோ ஒரு குறிப்பாகப் புதைந்து கிடக்கிறது. புதியவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி கையேட்டில் வேறொன்றும் இல்லை என்பதால் அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

டிவிடிக்குத் தனிப்பக்கம் வேண்டும். கல்யாண டிவிடியைக் கணினியில் போட்டுத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையும், அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜிகாபைட்டைத் தாண்டாத விஓபி என்ற படக்கோப்புத் துண்டுகளும் தெரியும். புதியவர் முதல் பெரிய துண்டை எடுத்து மாற்றுகிறார். பெண் அழைப்போடு படம் நின்றுவிடுகிறது. திருப்பூட்டுதல் (தாலி கட்டுதல்) எங்கே போயிற்று என்று பதறுகிறார். துண்டைத் தராமல் கோப்புறை முழுவதையும் மென்பொருளிடம் தர வேண்டும் என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் எழுதப்பட்டிருக்கும் கையேடுகளில்கூட, அப்படித் தராவிட்டால் என்ன ஆகும் என்பது எழுதப்படவில்லை. தவறு நேர்ந்தபின் கையேட்டைத் திறக்கிறவரே மிகுதி என்பதால் அந்த இரண்டாவது பாதிதான் அவருக்குத் தேவை.

இங்கே ஓர் ஆராய்ச்சியை நினைவூட்டுகிறேன். 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜான் கரோல் என்பவரும் அவருடைய குழுவினரும், சொற்செயலி கற்றுக்கொள்ளும் அலுவலகப் பணியாளர்களைப் பக்கத்தில் அமர்ந்து கவனித்தார்கள். கையேட்டை முதலிலிருந்து யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. நேரே வேலையில் இறங்கி, சிக்கிக்கொண்டு, வெளியே வரும் வழியைத் தேடினார்கள். அதைக் கண்டு அந்தக் குழு மிகச் சிறிய கையேடு ஒன்றை ஆக்கியது. உண்மையான வேலையிலிருந்து தொடங்கி, தவறு நேர்ந்ததை எப்படி அறிவது, அதிலிருந்து எப்படி மீள்வது என்பதற்கு அதில் இடம் ஒதுக்கினார்கள்; அதைக் கொண்டு கற்றவர்கள் பெரிய கையேட்டைக் கொண்டு கற்றவர்களைவிட விரைவாகக் கற்றார்கள். இவ்வளவு பழைய பாடம் நம் துறையின் கையேடுகளுக்கு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

ஆகவே கையேட்டின் பின்பகுதியில் பொத்தான்களின் அகரவரிசைக்குப் பக்கத்திலேயே கோளாறுகளின் வரிசை ஒன்றும் வேண்டும். அதுவும் மக்கள் வாயில் வருகிறபடியே. “படம் வருது, சத்தம் வரலை” என்பது ஒரு தலைப்பு: டிவிடியிலிருந்த ஏசி3 போன்ற ஒலியைத் தொலைக்காட்சியோ கைப்பேசியோ ஏற்கவில்லை, ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்றினால் போதும், படத்தைத் தொட வேண்டாம். “பேச்சு பின்னாலேயே வருது” என்பது இன்னொன்று: கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை படம் என்ற எண்ணிக்கையை நிலையாக வைத்துக்கொள்ளாமல் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதால் சில தொகுப்பு மென்பொருள்களில் ஒலி விலகும், நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டுத் தொகுக்க வேண்டும்.

“முகமெல்லாம் ஒல்லியாத் தெரியுது” என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை டிவிடியில் படம் 720-க்கு 576 புள்ளிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 படமானால் 768-க்கு 576 ஆகவும், அகலத்திரைப் படமானால் 1024-க்கு 576 ஆகவும் விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்பிலேயே இருக்கும். அந்தக் குறிப்பை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் இடுங்கிப்போய்த் தெரிவார்கள். எண்களைப் பார்த்துக் குழம்பிய புதியவர் தானே ஒரு அளவைத் தட்டச்சு செய்கிறார், நிலைமை இன்னும் மோசமாகிறது. அளவுப் பெட்டியைத் தொடாதீர்கள், மென்பொருள் தானே கணித்துக்கொள்ளும் என்று சொல்லவும் கையேட்டுக்குத் துணிவு வேண்டும். 576 வரிப் படத்தை 4கே ஆக்கினால் தெளிவு கூடும் என்ற நம்பிக்கையையும் அதே இடத்தில் கலைத்துவிடுவது நல்லது, கோப்புதான் பெருகும்.

“ஆள் நடந்தா ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழுது” என்பது கேசட்டிலிருந்தும் டிவிடியிலிருந்தும் வரும் படங்களில் நான் அதிகம் கேட்கும் முறையீடு. பழைய முறையில் நொடிக்கு 25 படங்கள் இரண்டிரண்டு பாதிகளாகப் பதிவாயின: முதலில் ஒற்றைப்படை வரிகள் என்றால் அடுத்து இரட்டைப்படை வரிகள், இரண்டுக்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. பழைய குழாய்த் தொலைக்காட்சி அந்தப் பாதிகளை வந்த வரிசையிலேயே காட்டியதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கணினி இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும்போது, அந்த இடைவெளியில் அசைந்த கை இரண்டு இடத்தில் தெரிகிறது. மாலை மாற்றும்போது கோடு விழுந்து, எல்லோரும் அசையாமல் நிற்கும் காட்சியில் விழாததற்குக் காரணம் இதுதான். இதைச் சரிசெய்யும் வடிகட்டி ஏறத்தாழ எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. கையேடோ அதன் நுண்ணிய விருப்பங்களை விவரிக்கும் அளவுக்கு, அது எந்தக் கோளாறுக்கு மருந்து என்பதைச் சொல்வதில்லை. சரியாகவும் தவறாகவும் மாற்றிய ஒரே காட்சியின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கமே குறைந்துவிடும்.

தரத்தைக் குறிக்கும் எண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எச்.264 முறையில் படத்தைச் சுருக்கித் தரும் எக்ஸ்264 குறியாக்கியில் தர அளவுகோல் 0 முதல் 51 வரை போகிறது. இயல்பாக 23-இல் நிற்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடுகிறது. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்கிப் பழகிய மனிதர் ஐம்பதை வைத்தால் நல்ல படம் வரும் என்று நம்புவதில் வியப்பில்லை. வருவது கலங்கிய படம். பிழை அவருடையது என்று நான் ஒப்ப மாட்டேன். எண் பெட்டிக்குப் பக்கத்திலேயே “குறைந்த எண், நல்ல படம், பெரிய கோப்பு” என்று கையேடும் மென்பொருளும் சொல்லிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்று மென்பொருளின் கையேடு இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி: டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை, முழு எச்டி படத்துக்கு 20 முதல் 24 வரை என்று படத்தின் அளவுக்கு ஏற்ற எல்லைகளைக் கொடுத்துவிடுகிறது. எல்லையைக் கொடுத்தால் புதியவர் அதற்குள் தைரியமாக நின்று வேலை செய்வார். 2016 டிசம்பரில் வெளிவந்த அந்த மென்பொருளின் 1.0 பதிப்போடு முன்னமைவுகள் (முன்கூட்டியே தயாராக வைத்த அமைப்புகள்) சீரமைக்கப்பட்டதும் அதே போன்ற அக்கறைதான்.

கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்ற கணக்கை ஒரு முறை போட்டுக்காட்டுங்கள். எங்கள் ஊரார் கணக்குக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். நொடிக்கு 1 மெகாபிட் என்ற வேகத்தில் ஒரு மணி நேரப் படம் 450 மெகாபைட் ஆகும். நொடிக்கு 2 மெகாபிட் வைத்தால் மூன்று மணி நேரக் கல்யாணப் படம் 2.7 ஜிகாபைட், ஒலிக்கு நொடிக்கு 160 கிலோபிட் என்றால் இன்னும் சுமார் 0.2 ஜிகாபைட். மொத்தம் 3 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அந்த எல்லை ஏன் முக்கியம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்: ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது, 32 ஜிகாபைட் பென்டிரைவில் இடம் காலியாகக் கிடந்தாலும் கணினி மறுத்துவிடும். மினி-டிவி நாடாவின் ஒரு மணி நேரமே கணினியில் சுமார் 13 ஜிகாபைட் ஆகிறது என்றால் அந்த மறுப்பு எவ்வளவு பேரைக் குழப்பும் என்று எண்ணிப்பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிகாபைட் வரை போகும், காணொளியாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. கோலாலம்பூரிலிருக்கும் மகளுக்கு அனுப்பத்தான் பாதிப் பேர் இந்த வேலையையே தொடங்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, முதல் பக்கத்தின் முதல் வரியாக ஒன்று இருக்க வேண்டும்: மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றிய கோப்பு சிறிதாகவும் அழகாகவும் இருப்பதைக் கண்டு மூலத்தை அழித்துவிட்டு, பிறகு ஒலியில்லாத பகுதியைக் கண்டுபிடித்துத் தவித்தவர்கள் உண்டு. கேசட்டிலிருந்து எடுத்த மூலமானால், கேசட்டே அதற்குள் கெட்டுப்போயிருக்கும். மாற்றிய கோப்பை வேறு கோப்புறையில் வேறு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் கேட்காமலே எழுதிவிடும் கட்டளையைத் தொடக்க எடுத்துக்காட்டுகளில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். புதியவர் புரிந்துகொள்ளாமல் நகலெடுத்து ஒட்டுவார் என்று தெரிந்தே எழுத வேண்டும். முழுப் படத்தையும் மாற்றும் முன் ஒரு நிமிடத் துண்டை மாற்றி, அதை ஓட்டப்போகும் அதே தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கில் இத்தனையாவது நொடி முதல் இத்தனையாவது நொடி வரை என்று குறித்து மாற்றும் வசதி இருக்கிறது. அந்த வசதியின் உண்மையான பயன் இதுதான் என்று யாராவது சொல்லித் தர வேண்டும்.

பதிவிறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலவச மென்பொருளின் பெயரைத் தேடினால் விளம்பரங்களும் போலிப் பக்கங்களும் முன்னால் வருகின்றன; அதிகாரபூர்வ முகவரியையும், இந்த மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கையேடே சொல்லிவிடட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, எந்த மாதம் சரிபார்க்கப்பட்டது என்றும் இருக்கட்டும். திரையில் இல்லாத பொத்தானைத் தேடி அரைநாள் கழித்தவர் மறுபடியும் கையேட்டைத் திறக்க மாட்டார்.

விரிவான உசாத்துணைக் கையேடுகளைக் குறைக்கச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கின் ஆவணங்களை நான் இன்றும் அன்றாடம் புரட்டுகிறேன். கட்டளையில் ஒரு விருப்பத்தை உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் எழுதுவதற்கும் பின்னால் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்லும் இடம் அதுதான். தொழில் செய்கிறவனுக்கு அந்தத் துல்லியம் உயிர். அதற்கு முன்னால் சிறிதாக ஒரு முகப்பு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தமிழாக்கத் தன்னார்வலர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஹேண்ட்பிரேக் கையேடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகியிருக்கிறது. ஆசிரியர்களைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடுவதானால் யாரும் தமிழில் தரலாம், மாற்றியும் எழுதலாம். முழுக் கையேட்டையும் வரிக்கு வரி தமிழாக்கத் தொடங்கிப் பாதியில் களைத்து நிற்பதைவிட, ஐந்து வேலைகளுக்கு ஐந்து பக்கம் எழுதுங்கள்: கல்யாண டிவிடியை ஒரே எம்பி4 கோப்பாக்குதல், கேசட்டிலிருந்து ஏற்றிய படத்தில் கோடு நீக்குதல், ஐஃபோன் படத்தைப் பழைய தொலைக்காட்சிக்கு ஏற்றதாக்குதல், பெரிய கோப்பை அனுப்பும் அளவுக்குச் சுருக்குதல், தரம் குறையாமல் கூட்டை மட்டும் மாற்றுதல். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரின் தேவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது.

எழுதியதை வெளியிடும் முன், கணினியில் இந்த வேலையை ஒருமுறைகூடச் செய்திராத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறவாமல் பாருங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அத்தகைய வாசகர்களை இங்கிருந்து நான் சேர்த்துத் தர முடியும். வயதில் மூத்தவர்களும் கல்லூரி மாணவர்களும் விருப்பத்தோடு வருவார்கள். கோடு விழுந்த படம், இடுங்கிய படம், ஒலி விலகிய படம் என்று ஒவ்வொரு கோளாறுக்கும் சிறு மாதிரித் துண்டுகளை, உரிய குடும்பத்தாரின் சம்மதத்தோடும் முகங்கள் தெரியாதபடியும் தொகுத்துத் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் வரைவு எந்த நிலையில் இருந்தாலும் அனுப்புங்கள். தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் படித்து, எந்த இடத்தில் எங்கள் வாசகர் நின்றுபோவார் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பழைய கேசட்டுகளை மாற்றித் தரும் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.